பந்து இல்லாத வீடியோ

அந்த அமெரிக்கப் பெண் கணினித் திரையில் வந்து, வணக்கம் சொல்லி, எங்கள் ஊரில் குளிர் எப்படி என்று விசாரித்து முடித்ததும் முதலில் கேட்டது பந்து எங்கே என்பதைத்தான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடியிருக்கிறார். நாங்கள் அனுப்பிய ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தாராம். உங்களை நன்றாகத் தெரிகிறது, காதில் தோட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் கூடத் தெரிகிறது என்றார் மகளிடம். ஆனால் நீங்கள் பந்தைக் கொடுத்த பிறகு அது யாரிடம் போனது, கூடைக்குள் விழுந்ததா, எதிரணி பறித்துக்கொண்டு ஓடியதா, ஒன்றுமே தெரியவில்லை. இதை எடுத்தது யார்?

நான் சாப்பாட்டு மேசையின் மறுபக்கம், கமெராவுக்குத் தெரியாத கதிரையில் இருந்தேன். திரைக்குள் தலையை நீட்டக் கூடாது என்பது மகளின் கண்டிப்பான உத்தரவு. எனக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். அன்றைக்கு விளங்காமல் இருந்திருந்தால் நல்லது.

அவர் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர். அணிக்கு ஆள் பிடிப்பது அவருடைய வேலை. அடுத்த வருடத்துக்கு அவர்களுக்கு ஒரு பொயின்ற் கார்ட் வேண்டும். பந்தை மேலே கொண்டு போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லி, ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. இங்கே ஜெர்மன்காரர் அதை 'அவுஃப்பவ்' என்பார்கள். ஒரேயொரு இடம். பார்வையில் இருந்தது இரண்டு பிள்ளைகள்: என் மகள், மற்றது பெர்லினில் ஒரு பிள்ளை. கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு.

கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான அபிட்டூரை முடித்து இங்கேயே படிக்கலாம் என்று வீட்டுக்கு வருகிற எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கைத்தொலைபேசி கேட்ட வயதில் இவள் பந்து கேட்டவள். கராஜ் கதவில் அடித்து அடித்துப் பழகி, கீழ் வீட்டுக்காரரிடம் எனக்கு நிறையப் பேச்சு வாங்கித் தந்தவள். அவளுக்கு வேண்டும். அவளுக்கு வேண்டும் என்பதாலேயே எனக்கு அந்த மாதங்களில் ஒழுங்கான நித்திரை இல்லை.

வீடியோ எடுத்தது நான்தான். கிழமை நாட்களில் டுசல்டோர்ஃபுக்கு வெளியே பொதிகளைப் பிரித்து அனுப்புகிற ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குக் கமெரா தூக்குகிறேன். பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கலியாணம், அரங்கேற்றம், தேவாலயத்தில் முதல் நன்மை, எல்லாம். இந்தத் தொழிலில் ஒரே சட்டம்தான். பெற்றோர் மண்டப வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிடுவார்கள்: "அண்ணை, பிள்ளையின்ர முகத்தை மட்டும் விட்டிடாதேங்கோ." தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அரங்கேற்றத்தில், மிருதங்கக்காரரின் கைகள் வடிவாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பிவிட்டேன். ஆடின பிள்ளையின் தாய் இன்றைக்கும் தமிழ்க் கடையில் என்னைக் கண்டால் மரக்கறிப் பெட்டிப் பக்கம் திரும்பிவிடுவார்.

அப்படிப் பழகின கை, மகள் கூடைப்பந்து ஆடத் தொடங்கியதும் வேறு எப்படி எடுக்கும்? உள்ளரங்கின் மேல் வரிசை மூலையில் நின்று, அவளை மட்டும் பிடித்து, முடிந்தவரை கிட்ட இழுத்து எடுத்தேன். அவள் பந்தைக் கொடுப்பாள், பந்து படத்தை விட்டுப் போகும், நான் அவளோடு நிற்பேன். விளையாட்டுக் கழகத்தில் வேறு யாரும் ஒழுங்காக எடுக்கவில்லை. அதனால் அமெரிக்காவுக்கு அனுப்ப என்னுடையவைதான் இருந்தன. மற்றப் பெற்றோரின் வீடியோக்களை விட என்னுடையது எவ்வளவு துல்லியம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

பயிற்சியாளர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உயரமான பிள்ளை வேண்டுமென்றால் அளந்து பார்க்கலாம், எறிகிற பிள்ளை வேண்டுமென்றால் எத்தனை விழுந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். பொயின்ற் கார்ட்டை அப்படி எடுக்க முடியாதாம். பந்து கைக்கு வர முன்னமே அவள் கண் எங்கே போகிறது, இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் எந்தப் பக்கம் திரும்புகிறாள், ஓடுகிறவளுக்குப் பந்தை நேரத்துக்குக் கொடுக்கிறாளா, ஒரு நொடி பிந்திக் கொடுக்கிறாளா, இதைத்தான் அவர் பார்க்கிறார். அதற்கு மற்ற ஒன்பது பேரும் படத்தில் வேண்டும். எங்கள் படத்தில் ஒருவர்தான் இருந்தார்.

இதோடு விட்டிருந்தால், சரி, அடுத்த ஆட்டத்தை ஒழுங்காக எடுத்து அனுப்பலாம் என்று ஆறியிருப்பேன். அவர் விடவில்லை. இன்னொன்று கவனித்ததாகச் சொன்னார். மகள் பந்தைப் பறிகொடுக்கிற ஒவ்வொரு முறையும் படம் ஒருதரம் ஆடுகிறது. உடனே மகள் திரும்பி, மேலே, நேராகக் கமெராவைப் பார்க்கிறாள். அதற்குள் எதிரணி ஓடத் தொடங்கியிருக்கும். அங்கே யார் இருக்கிறார்?

மகள் மடிக்கணினிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். பிறகு, என் அப்பா என்றாள்.

அவர் ஒன்றும் விமர்சிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அடுத்த மாதம் ஜெர்மனிக்கு வருகிறேன், பெர்லின் பிள்ளையைப் பார்த்துவிட்டு உங்கள் ஆட்டத்துக்கும் வருவேன், அன்றைக்கு அப்பா அரங்கில் இல்லாமல் நீங்கள் ஆடுவதைப் பார்க்க விருப்பம், அது முடியுமா என்று கேட்டார். மகள் முடியும் என்றாள், என்னைக் கேட்காமலே.

அழைப்பு முடிந்ததும் நான் எழும்பிப் போய் வன்தட்டைக் கணினியில் பொருத்தினேன். எனக்கு உண்மையில் கோபம். கடல் தாண்டியிருக்கிற ஒரு மனிசி, என்னை ஒருதரம் கூடக் காணாதவள், என் கை ஆடுகிறது என்று எப்படிச் சொல்லலாம்? செத்த வீடுகளில் இறந்தவரின் கடைசி வீடியோ கூட என்னுடைய கையால் எடுத்ததுதான், ஒருதரமும் ஆடினதில்லை. முதல் ஆட்டத்தைப் போட்டேன். மகள் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள், எதிரணிப் பிள்ளை கையை நீட்டுகிறாள், பந்து போகிறது. படம் ஆடியது.

திரும்பவும் போட்டேன். அடுத்த ஆட்டத்தைப் போட்டேன். அதிலும் ஆடியது. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் பிழை விட்டதும் என் வலது கை கமெராவை விட்டுவிட்டுத் தலைக்குப் போகிறது. இழவு வீட்டில் போல தலையில் கை வைக்கிறேன். அந்த நேரம் கமெரா இடது கையில் தனியே நிற்கிறது, அதுதான் ஆட்டம். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே தெரிவது தலையில் கை வைத்த தகப்பன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அவள் நேராகக் கமெராவைப் பார்க்கிற அந்த முகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வேர்வை வழிய, கண் விரிய, முழு முகமும் என்னை நோக்கி. எந்த அரங்கேற்றத்திலும் அப்படி ஒரு முகம் கிடைக்காது. அதில் ஒன்றை நிறுத்திப் படமாக்கி என் கைத்தொலைபேசியின் முகப்பில் வைத்திருந்தேன். பிள்ளை தகப்பனைத் தேடுகிறாள் என்று பூரித்துப்போய் வைத்தது. தேடினாள்தான். எதற்குத் தேடினாள் என்று நான் யோசிக்கவில்லை.

மகள் குளித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ், அண்டைக்கு மட்டும் வராதேங்கோ" என்றாள்.

"வரேல்லை, பிள்ளை."

"கோவிக்காதேங்கோ."

கோபமில்லை என்றேன். அது பொய். ஆனால் கோபம் யாரில் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அந்த ஆட்டம் வரைக்கும் இருந்த நாட்கள் ஒவ்வொன்றும் இழுபட்டுப் போயின. பெர்லின் பிள்ளையின் வீடியோக்களை இணையத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை தூரத்திலிருந்து எறிந்தால் பந்து சொல்லிவைத்த மாதிரி விழுகிறது. அவளை எடுத்த கமெரா நடுவில் அசையாமல் நின்று எல்லாரையும் காட்டுகிறது. நல்ல தகப்பன் போல. பொதி நிலையத்தில் பெட்டிகளை மாறிப் போட்டு மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன். வீட்டில் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மனைவி, "பரீட்சை அவளுக்கோ உங்களுக்கோ?" என்று கேட்டாள்.

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. வார இறுதி ஷிஃப்ட் அநேகமாக அவள் தலையில்தான் விழும். அதனால் மகளின் ஆட்டங்களுக்கு அவள் வந்தது மிகக் குறைவு. நான் போக முடியாது என்றானதும் கூட வேலை செய்கிற ஒருவரோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள். பிள்ளை ஆரும் இல்லாமல் தனிய நிக்கக் கூடாது என்றாள். கூடைப்பந்தில் அவளுக்குத் தெரிந்தது பந்து வளையத்துக்குள் விழுந்தால் நல்லது என்பது மட்டும். எந்த வளையம் எங்களுடையது என்பதில் கூட அவளுக்குச் சந்தேகம் உண்டு.

அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் அரங்கில் ஆட்டம் நடக்கும் நாட்களில் வெளி விறாந்தையில் கோப்பியும் வாஃபிளும் விற்பது பெற்றோரின் முறை. ஏதோ ஒரு கூட்டத்தில் என் பெயரையும் யாரோ எழுதியிருந்தார்கள். அரங்குக்கு உள்ளேதானே போகக் கூடாது, விறாந்தையில் நிற்கலாம் என்று மகளும் ஒத்துக்கொண்டாள். கமெராப் பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். தோளில் பாரமில்லாமல் அந்த வாசலால் நுழைந்தது அன்றைக்குத்தான்.

என்னோடு நின்றவர் மகளின் அணியில் ஆடும் இன்னொரு பிள்ளையின் தாய், ஜெர்மன்காரி. அவர் மாவைக் கரைத்தார், நான் வாஃபிள் சுடும் இரும்பு அச்சில் ஊற்றினேன். அரங்குக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சப்பாத்துகள் கிறீச்சிடும் சத்தம், பந்தின் சத்தம், இடைக்கிடை ஊதல். ஊதும்போதெல்லாம் யாருக்கு ஊதினார்களோ என்று மா ஊற்றுவதை நிறுத்திக் காது கொடுத்தேன். கைத்தொலைபேசியை மாக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மனைவி நிலவரம் அனுப்பினாள். 'பிள்ளை ஓடுறாள்' என்று வந்தது. பிறகு, 'இப்ப நிக்கிறாள்.' பிறகு, 'திரும்பவும் ஓடுறாள்.' புள்ளி எத்தனை என்று கேட்டு எழுதினேன். 'பலகையில கனக்க இலக்கம் கிடக்கு' என்று பதில் வந்தது.

இடைவேளையில் கதவு திறந்து சனம் வெளியே வந்தது. அவர்களுக்கு நடுவே அந்த அமெரிக்கப் பெண். திரையில் பார்த்ததைவிட உயரம். நேராக என் மேசைக்கு வந்து ஒரு கோப்பி கேட்டார். அவர் என்னைக் கண்டதில்லை, அழைப்பில் பேசிய அன்றைக்கு நான் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் அல்லவா இருந்தேன். எங்கள் அணியில் மகளைத் தவிர மண்ணிறத் தோல் வேறு யாருக்கும் இல்லை, பார்த்த உடனே ஊகித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை. அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, முழங்கால் இப்போதுதான் சுகமானது, வீட்டில் கராஜ் கதவைப் போய்ப் பாருங்கள், எல்லாம் வாய்க்குள் வந்து நின்றது. பால் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அரைவாசியை மேசையில் ஊற்றினேன். அவர் கடதாசி எடுத்துத் தானே துடைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் மனைவியிடமிருந்து வந்தது: 'பிள்ளையை வாங்கில இருத்திப்போட்டினம்.'

ஆட்டத்திலிருந்து எடுத்து ஓரத்து நீள இருக்கையில் இருத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபவுல் கூடிவிட்டதா, முழங்காலா, மோசமாக ஆடினாளா? எழுதிக் கேட்டேன், பதிலில்லை. அந்த அமெரிக்கப் பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், இனி ஒருதரம் வரமாட்டார், இவள் வாங்கில் இருக்கிறாள். கதவில் மேல் பக்கம் ஒரு சிறு கண்ணாடி உண்டு. எட்டினால் உள்ளே தெரியும். கரண்டியோடு அதுவரைக்கும் போனேன். போய், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவனை அத்தனை தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? ஆனாலும் திரும்பவில்லை. பின்னால் வாஃபிள் கருகி மணந்தது. அந்த ஜெர்மன் தாய் எழும்பி இரும்பைத் திறந்து, கருகினதை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புது மாவை ஊற்றினார். 'எழும்பீட்டாள்' என்று தொலைபேசி காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி ஊதலுக்குப் பிறகு மனைவி முகமெல்லாம் சிரிப்போடு வெளியே வந்தாள். நல்லாய் விளையாடினவை என்றாள். பின்னால் வந்த பெற்றோரின் முகங்களைப் பார்த்தேன்.

"தோத்திட்டமோ?" என்று கேட்டேன்.

"அப்பிடியோ?" என்றாள்.

காரில் வரும்போதுதான் மகள் கதையைச் சொன்னாள். தொடக்கத்திலேயே பந்தைப் பறிகொடுத்தாளாம். வழக்கப்படி மேலே மூலையைப் பார்த்தாளாம். நான் நிற்கிற அதே இடத்தில் அம்மா எழும்பி நின்று பெரிதாகக் கை தட்டிக்கொண்டிருந்தாராம்.

"நான் பந்தைத் துலைச்சதுக்கு ஏனம்மா கை தட்டினனீங்கள்?"

"ஓடி ஓடிக் களைச்சுப்போனாய்," என்றாள் மனைவி. "தட்டக் கூடாதே?"

மகளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அங்கேயும் அப்படித்தான், ஆட்டத்துக்கு நடுவில் சிரித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு மேலே பார்த்தாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை, மறந்துபோனேன் என்றாள். வாங்கில் இருத்தியது ஃபவுல் கூடியதால்தான். அந்த அமெரிக்கப் பெண் கை கொடுத்து, பிறகு அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. தோற்ற ஆட்டம், வாங்கில் இருந்த பிள்ளை. முடிந்துவிட்டது என்று நான் மனதுக்குள் எழுதிவிட்டேன்.

அழைப்பு வந்த அன்று நான் பழைய கதிரையிலேயே இருந்தேன். பெர்லின் பிள்ளை உங்களைவிட நன்றாக எறிகிறாள் என்று அவர் தொடங்கினார். நான் மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டேன். எறியப் பழக்கலாம் என்றார் அடுத்து. அன்றைக்கு நீங்கள் பந்தைப் பறிகொடுத்துவிட்டுச் சிரித்தீர்கள், அடுத்த நொடி திரும்பி ஓடி மறித்தீர்கள், பிறகு இடம் மாறி நின்ற பிள்ளையிடம் போய் ஏதோ சொன்னீர்கள், அடுத்த முறை அந்தப் பிள்ளை சரியான இடத்தில் நின்றாள், பந்தும் நேரத்துக்குப் போனது, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். இடம் உங்களுக்குத்தான். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர், அப்பா அங்கே இருந்தால் திரைக்குள் வரச் சொல்லுங்கள் என்றார். போனேன். கோப்பிக்கு நன்றி என்றார்.

சந்தோஷம்தான். அதில் சந்தேகமே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் களைத்தேன், தமிழ்க் கடையில் அந்த மரக்கறிப் பெட்டி அம்மாவிடம் கூடச் சொன்னேன். ஆனால் 'மறந்துபோனேன்' என்று அவள் சாதாரணமாகச் சொன்னது எனக்குள் ஒரு மூலையில் குத்திக்கொண்டேயிருந்தது. அதைத்தானே எல்லாரும் விரும்பினோம், நானும் சேர்த்து.

இப்போது அவள் அங்கே. பகலில் நடக்கிற ஆட்டங்களைக் கல்லூரி இணையத்தில் காட்டுகிறது, எங்களுக்கு மாலைச் சாப்பாட்டு நேரம். தொலைக்காட்சியில் இணைத்துவிட்டு இரண்டு பேரும் தட்டோடு இருக்கிறோம். அவர்களுடைய கமெரா நடுவில் நிற்கிறது. பத்துப் பேரும் தெரிகிறார்கள், பந்து தெரிகிறது, புள்ளி தெரிகிறது. இப்போது எனக்கும் பார்க்கத் தெரியும். பந்து கைக்கு வர முன்னம் அவள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மனைவிக்குக் காட்டிக் கொடுக்கிறேன். முகம் மட்டும் தெரியாது. அத்தனை தூரத்தில் எல்லாப் பிள்ளைகளும் சிறிதாகத்தான் இருக்கிறார்கள், இவளைப் பின்னலை வைத்துத்தான் பிடிக்கிறேன்.

போன கிழமை ஒரு ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து மறித்துப் பந்தைப் பறித்துவிட்டார்கள். என் வலது கை தலைக்குப் போய்விட்டது. பக்கத்தில் மனைவி எச்சில் கையோடு கை தட்டினாள். மகள் மேலே பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று நான் திரைக்குக் கிட்டப் போனேன். அதற்குள் கமெரா பந்தோடு மறுபக்கம் போய்விட்டது.